நடுவில் யாரை உட்கார வைப்பது?

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, சூரியன்தான் நடுவில் இருக்கிறது என்ற எண்ணம் முதலில் தத்துவத்தில் இருந்து வந்தது, தொலைநோக்கியெல்லாம் பிறகுதான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. என்ன காரணமோ, நிறையக் கடிதங்கள் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்தில் இருந்து. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, மூக்கையூர் என்று. சரி, இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே. திட்டி எழுதியவர்களையும் சேர்த்திருக்கிறேன்.

*

தேவிபட்டினம் வாசகர்: எங்கள் ஊரில் கடலுக்குள்ளேயே நவபாஷாணம், அதாவது ஒன்பது கிரகங்களுக்கான கற்கள், இருக்கிறது. எந்தச் சிவன் கோயிலுக்குப் போனாலும் நவக்கிரக மேடையில் சூரியன்தான் நடுவில். அப்படியானால் சூரியன் நடுவில் இருப்பது ஐரோப்பியர்களுக்கு முன்பே நம் முன்னோருக்குத் தெரியும் என்றுதானே அர்த்தம்? இதை எழுத உங்களுக்கு ஏன் மனசு வரவில்லை?

எழுதிவிடுகிறேன் ஐயா, ஆனால் நீங்கள் எதிர்பார்ப்பது போல இருக்காது. அந்த ஒன்பது பேர் யார் யார் என்று பாருங்கள். சூரியன் ஒரு கிரகம், சந்திரன் ஒரு கிரகம், ராகுவும் கேதுவும் சேர்ந்து இரண்டு. பூமி எங்கே? பட்டியலிலேயே இல்லை, ஏனென்றால் பூமியில் நின்றுகொண்டு மேலே பார்த்து எழுதிய பட்டியல் அது. வீட்டில் பஞ்சாங்கம் இருந்தால் ஓரை வரிசையை எடுத்துப் பாருங்கள்: சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன். வானத்தில் மெதுவாக நகர்வதில் தொடங்கி வேகமாக நகர்வதில் முடிகிற வரிசை. பூமியை நடுவில் வைத்து, மெதுவாகப் போவது தூரத்தில் இருக்கிறது என்று அடுக்கினால் இதுதான் வரும். மணிக்கு ஒருவராக இதைச் சுற்றிக்கொண்டே போனால் 24 மணி நேரம் கழித்து நாலாவது ஆளிடம் வந்து நிற்போம். சனிக்கு அப்புறம் ஞாயிறு, ஞாயிறுக்கு அப்புறம் திங்கள் என்று வாரம் அமைந்தது இப்படித்தான். நம் கிழமைகளே பூமியை மையமாக வைத்த கணக்கில் பிறந்தவை.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. மேடையில் சூரியனை ஏன் நடுவில் வைத்தார்கள்? மரியாதைக்காக. பெரியவர் நடுவில் இருக்க வேண்டும். கிரேக்கத்தில் பிதாகரஸ் வழி வந்தவர்கள் சரியாக இதே யோசனையில்தான் பூமியை நடுவில் இருந்து தூக்கினார்கள். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் பிலோலாவுஸ் என்பவர், நடுவில் ஒரு பெரிய நெருப்பு இருக்கிறது, பூமி அதைச் சுற்றுகிறது, சூரியனும் அதைச் சுற்றுகிறது என்றார். காரணம் என்ன தெரியுமா? மண்ணை விட நெருப்பு உயர்ந்தது, உயர்ந்ததற்கு உயர்ந்த இடம், அந்த இடம் நடு. எந்த அளவீடும் கிடையாது. பத்து என்பது முழுமையான எண் என்று நம்பினார்கள், வானத்தில் எண்ணினால் ஒன்பதுதான் வந்தது, அதனால் கண்ணுக்கே தெரியாத எதிர்ப்பூமி ஒன்றைச் சேர்த்துப் பத்தாக்கினார்கள் என்று அரிஸ்டாட்டில் கிண்டலாகவே எழுதி வைத்திருக்கிறார். கிண்டல் நியாயம்தான். ஆனாலும் பூமியும் நகரலாம் என்று முதலில் துணிந்து சொன்னது இந்த ஆட்கள்தான், கிண்டல் செய்தவர் அல்ல.

இன்னொன்று. பழைய ஐரோப்பாவில் பூமியை நடுவில் வைத்தது கர்வத்தால் என்று மேடையில் பேசுகிறவர்கள் நிறைய. அது சரியில்லை. அரிஸ்டாட்டில் வழியில் நடு என்பது கனமான, அழியக்கூடிய பொருட்கள் போய் விழுகிற இடம். இத்தாலியக் கவிஞர் தாந்தே நரகத்தைப் பூமியின் நடுவில்தான் வைத்தார்.

*

மண்டபம், ஓய்வு பெற்ற ஆசிரியர்: அரிஸ்டார்க்கஸ் கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே சூரிய மையத்தைச் சொல்லிவிட்டார் என்று படித்திருக்கிறேன். பிறகு ஏன் 1,800 வருஷம் யாரும் சீந்தவில்லை? மதம்தானே காரணம்?

சார், மதத்தின் மேல் போட்டுவிட்டால் நமக்கு வேலை மிச்சம், ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. சாமோஸ் தீவுக்காரரான அரிஸ்டார்க்கஸ் வெறும் தத்துவம் பேசியவர் இல்லை, அளந்தவர். நிலா சரிபாதியாகத் தெரியும் நேரத்தில் நிலாவுக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள கோணம் 87 பாகை என்று எடுத்துக்கொண்டு, நிலாவை விடச் சூரியன் 18-இல் இருந்து 20 மடங்கு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டார். உண்மையில் கோணம் 90-க்கு மிக அருகில், தூரம் சுமார் 390 மடங்கு. அளவு தப்பு, வழி சரி. அந்தத் தப்புக் கணக்கிலேயே சூரியன் பூமியை விடப் பல மடங்கு பெரியது என்று வந்துவிட்டது. இவ்வளவு பெரியது ஏன் சின்னதைச் சுற்ற வேண்டும் என்று அவர் யோசித்திருக்கலாம் என்பது பலரின் ஊகம். சூரிய மையம் பற்றி அவர் எழுதியது நம் கைக்கு வரவில்லை, ஆர்க்கிமிடீஸ் தன் மணல் கணக்கு நூலில் சொல்லியிருப்பதால்தான் தெரியும்.

மதம் குறுக்கே வந்தது உண்மைதான். ஸ்டோயிக் தத்துவவாதி கிளியாந்தஸ், உலகத்தின் அடுப்பான பூமியை இடம் பெயர்த்த குற்றத்துக்காக இவர் மேல் வழக்குப் போட வேண்டும் என்றார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். ஆனால் வழக்கு நடந்ததாக எந்தத் தகவலும் இல்லை. நிஜமான தடை வேறு. பூமி நகர்ந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நட்சத்திரங்கள் கொஞ்சமாவது இடம் மாறித் தெரிய வேண்டும். தெரியவில்லை. அப்படியானால் நட்சத்திரங்கள் நம்பவே முடியாத தூரத்தில் இருக்க வேண்டும் என்றார் அரிஸ்டார்க்கஸ், அது உண்மையும்கூட. ஆனால் அன்றைக்கு அதைக் கேட்டவனுக்கு அது சாக்குப்போக்கு மாதிரிதான் இருந்திருக்கும். போதாததற்கு, கனமான பொருள் ஏன் கீழே விழுகிறது என்பதற்கு அரிஸ்டாட்டிலிடம் பதில் இருந்தது, அரிஸ்டார்க்கஸ் பக்கத்தில் இல்லை. நானும் அன்றைக்கு இருந்திருந்தால் அரிஸ்டாட்டில் கட்சிதான்.

*

ராமேஸ்வரம், நாட்டுப்படகு மீனவர்: அண்ணே, ராத்திரி வலையைப் போட்டுட்டு அணியத்தில் படுத்துப் பார்த்தா வானம்தான் சுத்துது, படகு சும்மா கிடக்கு. பூமி சுத்துதுன்னு நம்ம ஆளுங்க யாரும் முன்னாடி சொல்லலையா?

சொன்னார்கள் தம்பி, அதுவும் உங்கள் படகை வைத்தே சொன்னார்கள். ஆர்யபட்டர் கி.பி. 499-இல், தன் 23-ஆம் வயதில் எழுதிய ஆர்யபட்டீயத்தில், படகில் முன்னால் போகிறவனுக்குக் கரையில் நிற்கும் பொருட்கள் பின்னால் போவது போலத் தெரிகிற மாதிரி, இலங்கையில் நிற்பவனுக்கு அசையாத நட்சத்திரங்கள் மேற்கே போவது போலத் தெரிகின்றன என்றார். அவர் சொல்லும் இலங்கை தலைமன்னார் இருக்கிற இலங்கை அல்ல, நிலநடுக்கோட்டில் உஜ்ஜயினிக்கு நேர் தெற்கே கணக்குக்காக வைத்துக்கொண்ட ஓர் இடம். ஆயிரம் வருஷம் கழித்து 1543-இல், சூரியனை நடுவில் வைத்துப் புத்தகம் எழுதிய ஐரோப்பிய வானியலாளர் கோப்பர்நிக்கஸும், துறைமுகத்தை விட்டுப் புறப்படும்போது ஊரும் கரையும் பின்வாங்குகின்றன என்ற ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் வரியை எடுத்துப் போட்டு இதையே சொன்னார். கடலுக்குப் போகிறவர்கள் பக்கத்தில் இருந்தால் இந்த யோசனை வராமல் இருக்காது போல.

ஆனால் ஆர்யபட்டர் சொன்னது பூமி தன்னைத்தானே சுற்றுவதை மட்டும். சூரியனை நடுவில் வைத்தார் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். அவருடைய பூமி சுழற்சியையே பிரம்மகுப்தர் 628-இல் மறுத்துவிட்டார். கேரளத்து நீலகண்ட சோமயாஜிதான் இன்னொரு பெரிய அடி வைத்தவர். 1500-ஐ ஒட்டி அவர் அமைத்த முறையில் புதன், சுக்கிரன், செவ்வாய், குரு, சனி ஐந்தும் சூரியனைச் சுற்றுகின்றன, சூரியன் அவற்றைக் கூட்டிக்கொண்டு பூமியைச் சுற்றுகிறது. டென்மார்க்கின் டைக்கோ பிராஹி 1588-இல் வெளியிட்டதும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். நீலகண்டரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது சூரிய பக்தி அல்ல, புதனுக்கும் சுக்கிரனுக்கும் கணக்கு ஒழுங்காக வர வேண்டும் என்ற பிடிவாதம்.

*

பாம்பன், இயற்பியல் மாணவி: கோப்பர்நிக்கஸ் வானத்தை ஆராய்ந்து சூரிய மையத்தைக் கண்டுபிடித்தார் என்றுதான் எங்கள் பாடத்தில் இருக்கிறது. தத்துவத்துக்கு இதில் என்ன வேலை சார்?

அவரை அந்தப் பக்கம் தள்ளிய புதிய கண்டுபிடிப்பு என்று வானத்தில் ஒன்றுகூடக் கிடையாதும்மா. அவர் வைத்திருந்த தகவல்களில் பெரும்பகுதி பழசு, கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் பூமியை நடுவில் வைத்துக் கிரகங்களுக்குக் கணக்கு எழுதிய தாலமி காலத்தில் இருந்து வந்தது. கடைசியில் அவருடைய கணிப்புகளும் தாலமியை விடப் பெரிதாகத் துல்லியமாக இல்லை. கிரகங்களின் பாதையைக் கணக்கில் பொருத்துவதற்காகத் தாலமி செய்தது போல வட்டத்தின் மேல் குட்டி வட்டம் போடுவதையும் அவர் விடவில்லை. பிறகு எதற்கு இவ்வளவு பாடு?

அவருக்குத் தாலமியிடம் ஒரு மனத்தாங்கல் இருந்தது. வானப் பொருட்கள் சீரான வேகத்தில் வட்டமாகத்தான் நகர வேண்டும் என்பது பிளேட்டோ காலத்தில் இருந்து வந்த விதி. அது இயற்கை விதி இல்லை, வானம் பூரணமானது என்ற நம்பிக்கை. தாலமி தன் கணக்கு சரியாக வருவதற்காக இந்த விதியில் கள்ள வழி ஒன்று வைத்தார். கிரகம் தன் வட்டத்தில் கூடுதல் குறைவான வேகத்தில் போகும், ஆனால் மையத்தில் இருந்து கொஞ்சம் தள்ளி ஒரு வெற்றுப் புள்ளியில் நின்று பார்த்தால் மட்டும் சீராகப் போவது போல இருக்கும். கோப்பர்நிக்கஸுக்கு இது பொறுக்கவில்லை. 1514 வாக்கில் நண்பர்களுக்குக் கையெழுத்தாகச் சுற்றுக்கு விட்ட சின்னக் குறிப்பு இந்தக் குறையில்தான் தொடங்குகிறது. வேடிக்கை என்னவென்றால் அவர் காப்பாற்ற நினைத்த விதி தப்பு, அவர் வெறுத்த கள்ள வழிதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

இரண்டாவது, அவர் 1496-இல் இருந்து சில வருஷங்கள் இத்தாலியில் படித்தார். பிளேட்டோவின் நூல்களை லத்தீனில் கொண்டுவந்த ஃபிச்சீனோ சூரியனைப் புகழ்ந்து தனி நூலே எழுதிய காலம் அது. கோப்பர்நிக்கஸின் பெரிய புத்தகத்தின் முதல் பாகம், பத்தாவது அத்தியாயம் கிடைத்தால் வாசித்துப் பார். பக்கம் பக்கமாகக் கணக்கு போடுகிற மனிதர் திடீரென்று குரல் மாறி, இந்த அழகான கோயிலில் விளக்கை எல்லா இடத்துக்கும் ஒளி படும் நடுவை விட்டு வேறு எங்கே வைப்பது என்று கேட்கிறார், கண்ணுக்குத் தெரியும் கடவுள் என்று சூரியனை ஒருவர் அழைத்ததைச் சொல்கிறார், அரியணையில் இருந்து குடும்பத்தை ஆள்வது போல என்கிறார். தேவிபட்டினத்துப் பெரியவர் இதைப் படித்தால் சந்தோஷப்படுவார். முன்னுரையிலும் பூமி நகர்கிறது என்று முன்பு சொன்ன பிதாகரஸ் வழியினரைத்தான் துணைக்கு அழைக்கிறார். அரிஸ்டார்க்கஸ் பெயர் வரும் ஒரு பகுதியை மட்டும் கையெழுத்துப் பிரதியில் எழுதிவிட்டு அச்சுக்குப் போகும் முன் எடுத்துவிட்டார்.

தத்துவம் மட்டும்தானா என்றால் இல்லை. சூரியனை நடுவில் வைத்ததும் எல்லாம் வரிசையில் வந்து நின்றுவிட்டது: அவர் கணக்கில் புதன் 80 நாள், வெள்ளி 9 மாதம், பூமி ஒரு வருஷம், செவ்வாய் 2, வியாழன் 12, சனி 30 வருஷம். தூரம் கூடக் கூடச் சுற்றும் காலமும் கூடுகிறது. தாலமியின் முறையில் சூரியன், புதன், வெள்ளி மூன்றும் சராசரியாக ஒரே வருஷத்தில் சுற்றி வரும், யார் கிட்டே யார் எட்டத்தில் என்று அதை வைத்துத் தீர்க்கவே முடியாது. அழகைத் தேடிப் போனவருக்கு ஓர் ஒழுங்கு கிடைத்தது. அந்த ஒழுங்கு சும்மா கிடைக்காது என்று நம்பியதும் தத்துவம்தான்.

*

கீழக்கரை வாசகர்: கிரேக்கரில் இருந்து நேரே கோப்பர்நிக்கஸுக்குத் தாவிவிடுகிறீர்கள். நடுவில் முஸ்லிம் அறிஞர்கள் எழுநூறு வருஷம் என்ன தூங்கிக்கொண்டா இருந்தார்கள்?

உங்கள் கோபம் சரிதான் பாய். தாலமியின் அந்தக் கள்ள வழியை முதலில் பிடித்து உலுக்கியவர்களே அவர்கள்தான். 11-ஆம் நூற்றாண்டில் இப்னு அல் ஹைதம், தாலமி மேல் தனக்குள்ள சந்தேகங்களை ஒரு நூலாகவே எழுதினார். கணக்கு வந்தால் போதும் என்று விட முடியாது, வானத்தில் நிஜமாக நடக்கக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1259-இல் பாரசீகத்தில் மராகா ஆய்வகம் எழுந்தது. அதை நடத்திய நசீருத்தீன் தூசி, இரண்டு வட்டங்களை உருட்டியே நேர்கோட்டு அசைவை உண்டாக்கும் உத்தியைக் கொண்டுவந்தார். டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் பொறுப்பில் இருந்த இப்னு அல் ஷாத்திர் 14-ஆம் நூற்றாண்டில் நிலாவுக்கு அமைத்த முறையும் கோப்பர்நிக்கஸ் பிறகு தந்ததும் ஒன்றே. தூசியின் உத்தியும் கோப்பர்நிக்கஸ் நூலில் இருக்கிறது. எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. ஒரே ஒரு விஷயம், இவர்கள் எல்லோரும் பூமியை நடுவில் இருந்து எடுக்கவில்லை. அதே குறை, அதே கணித உத்தி, ஆனால் அந்தக் கடைசி அடியை மட்டும் வைக்கவில்லை.

*

ஏர்வாடி வாசகர்: சூரிய மையத்தைச் சொன்னதற்காகத்தானே புரூனோவை உயிரோடு எரித்தார்கள்?

அதற்காக மட்டும் இல்லை. இத்தாலியத் தத்துவவாதியான அவரை 1600 பிப்ரவரி 17-இல் ரோமில் எரித்தார்கள், ஆனால் மும்மைக் கடவுள் கொள்கையை மறுத்தது, ஏசுவின் தெய்வத்தன்மையை மறுத்தது, உலகங்கள் எண்ணற்றவை என்றது எல்லாம் சேர்ந்த வழக்கு அது. கோப்பர்நிக்கஸின் புத்தகத்தை ரோம் கத்தோலிக்கச் சபை நிறுத்தி வைத்ததே 1616-இல்தான். கொடுமை கொடுமைதான், அதற்குக் காரணத்தை நாம் திருத்தி எழுத வேண்டியதில்லை.

*

மூக்கையூர் மீனவர்: அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் ஏறும், எங்க பிள்ளைகளுக்கே தெரியும். இதுக்கும் பூமி சுத்துறதுக்கும் ஏதும் சம்பந்தம் உண்டா?

இந்தக் கேள்விக்கு உங்களுக்கு ஒரு வணக்கம். கலிலியோவுக்கு இதில்தான் சறுக்கியது. 1632-இல் வந்த தன் புகழ்பெற்ற உரையாடல் நூலில், பூமி தன்னைச் சுற்றிக்கொண்டே சூரியனையும் சுற்றுவதால் கடல்நீர் தளும்புகிறது, அதுதான் ஏற்ற இறக்கம், இதுவே பூமி நகர்வதற்குப் பெரிய சாட்சி என்று எழுதினார். அவர் கணக்குப்படி நாளுக்கு ஒரு தடவைதான் கடல் ஏற வேண்டும், இரண்டு தடவை ஏறுகிறதே என்றால் கடலின் ஆழத்தையும் கரையின் வடிவத்தையும் காரணம் காட்டினார். நிலா இழுக்கிறது என்று ஜெர்மானிய வானியலாளர் கெப்ளர் சொன்னதை, இத்தனை புத்திசாலி இப்படி மந்திர மாயத்தையெல்லாம் நம்புகிறாரே என்று அங்கலாய்த்தார். தொடாமல் ஒரு பொருள் இன்னொன்றை இழுக்க முடியாது என்பது கலிலியோவின் தத்துவம். அந்தத் தத்துவம் அவர் கண்ணை மறைத்தது. மந்திரவாதி போலப் பேசிய கெப்ளர் சொன்னது சரியாகிவிட்டது. 1687-இல் நியூட்டன் வந்து நிலாவும் சூரியனும் சேர்ந்து இழுப்பதைக் கணக்காகவே காட்டினார். அமாவாசை, பௌர்ணமிக்கு இரண்டும் ஒரே கோட்டில் வருவதால் உங்கள் கரையில் கூடுதலாக ஏறுகிறது.

*

தொண்டி, பத்தாம் வகுப்பு மாணவர்: கெப்ளர் ஜோசியம் பார்த்தவர், கடவுள் பக்தர் என்கிறார்கள். அப்படிப்பட்டவர் எப்படி விஞ்ஞானி ஆனார்?

பக்தியால்தான் தம்பி, பாதி தூரம். 1596-இல் எழுதிய முதல் புத்தகத்தில் சூரியன் பிதா, நட்சத்திரக் கோளம் சுதன், இடைப்பட்ட வெளி பரிசுத்த ஆவி என்று பிரபஞ்சத்தையே மும்மையின் உருவமாகப் பார்த்தார். கிரகங்கள் ஏன் ஆறு? பிளேட்டோ சொன்ன, எல்லா முகமும் ஒரே மாதிரி இருக்கும் ஒழுங்கான திண்மங்கள் ஐந்து, ஆறு கோளங்களுக்கு இடையே ஐந்து இடைவெளி, கடவுள் அந்த ஐந்தையும் நடுவில் பொருத்தி வைத்தார் என்று எழுதினார். பிற்பாடு 1781-இல் யுரேனஸைக் கண்டுபிடித்ததும் அந்தக் கட்டடம் போயிற்று. ஆனால் சூரியன் பிதா என்றால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது, எல்லாவற்றையும் அதுதான் இயக்க வேண்டும். இங்கேதான் விஷயம். கோப்பர்நிக்கஸின் கணக்கில் மையம் சூரியனே கிடையாது, பூமிப் பாதையின் நடுப்புள்ளி, அது சூரியனுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது. அவருடைய சூரியன் விளக்கு மட்டும், வேலை எதுவும் இல்லை. எல்லாப் பாதையையும் நிஜச் சூரியனில் இருந்து அளக்க வேண்டும் என்று அடம்பிடித்தவர் கெப்ளர். தூரத்தில் உள்ள கிரகம் மெதுவாகப் போவது சூரியனின் பிடி தளர்வதால் என்று சொன்னவரும் அவர்தான். முதலில் அந்த இயக்குவதை ஆன்மா என்றார். 1621-இல் அதே புத்தகத்தை மறுபடி அச்சிட்டபோது, ஆன்மா என்ற இடத்தில் விசை என்று போட்டால் போதும் என்று அடிக்குறிப்பு எழுதினார்.

அப்புறம் மறுபாதி தூரம். டைக்கோ பிராஹி விட்டுப்போன அளவீடுகளை வைத்துச் செவ்வாய்க்கு ஒரு வட்டப் பாதை போட்டார், கிட்டத்தட்டப் பொருந்தியது, ஓர் இடத்தில் 8 கலை இடித்தது. பாகையில் அறுபதில் ஒன்று ஒரு கலை, முழு நிலாவின் அகலமே 30 கலைக்குச் சற்றுக் கூடுதல், அதில் கால்வாசிதான் இந்தப் பிசகு. கோப்பர்நிக்கஸாக இருந்தால் கண்டுகொண்டிருக்க மாட்டார். டைக்கோவின் அளவு தப்பாக இருக்காது என்று நம்பிய கெப்ளர், இரண்டாயிரம் வருஷ வட்டத்தையே தூக்கிப் போட்டுவிட்டு நீள்வட்டத்துக்கு வந்து சேர்ந்தார், அது அச்சானது 1609-இல். நம்பிக்கை வைத்திருந்தவர்கள் அவருக்கு முன்னாலும் நிறையப் பேர், 8 கலைக்காக நம்பிக்கையின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்த ஆளை நீ வேறு எங்கே காட்டுவாய்? ஜோசியம் பார்த்ததும் உண்மை. சம்பளம் ஒழுங்காக வராத காலம்.

*

ராமேஸ்வரம் வாசகி: கிரகணத்துக்கு அக்னி தீர்த்தத்தில் குளிக்க வரும் கூட்டத்துக்குப் பஞ்சாங்கம்தான் நேரம் சொல்கிறது. பூமியை நடுவில் வைத்துப் போட்ட கணக்கும் சரியாகத்தானே வருகிறது? அப்புறம் நடுவில் யார் இருந்தால் என்ன?

அம்மா, இதே கேள்வியைக் கோப்பர்நிக்கஸ் புத்தகத்தின் உள்ளேயே ஒருவர் திருட்டுத்தனமாக எழுதி வைத்தார். நியூரம்பெர்க்கில் அச்சுவேலையைக் கவனித்த ஓசியாண்டர் என்ற போதகர், இதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டியதில்லை, கணக்கு பொருந்தினால் போதும் என்று பெயர் போடாமல் ஒரு முன்னுரை சேர்த்துவிட்டார். பலர் அதைக் கோப்பர்நிக்கஸே எழுதியதாக நினைத்தார்கள். 1609-இல் கெப்ளர்தான் எழுதியது யார் என்று அச்சில் போட்டு உடைத்தார். கிரகணத் தேதிக்கு மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி, எங்கே நின்று பார்க்கிறோமோ அதை மையமாக வைத்தே கணக்குப் போடலாம். ஆனால் ஏன் அப்படி நகர்கிறது என்று கேட்டுவிட்டால் அந்த வழி அங்கேயே நின்றுவிடும். விசை என்ற யோசனை கெப்ளருக்கு வந்தது, சூரியன் நிஜமாகவே அங்கே இருக்கிறது என்று நம்பியதால்தான்.

*

பாம்பன் வாசகர்: தனுஷ்கோடி முனையில் சூரியன் கடலில் எழுவதையும் பார்க்கலாம், கடலில் விழுவதையும் பார்க்கலாம். அங்கே நின்று, பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்பதைக் கண்ணால் உறுதி செய்ய வழி உண்டா?

வெறும் கண்ணால் கிடையாது. சின்னத் தொலைநோக்கி இருந்தால் வெள்ளியைச் சில மாதங்கள் விடாமல் பாருங்கள். பிறையாக இருக்கும்போது பெரிதாகவும், முழுசுக்குப் பக்கத்தில் வரும்போது சின்னதாகவும் தெரியும். 1610-இல் கலிலியோ பார்த்தது இதைத்தான், தாலமியின் முறையில் இது நடக்கவே நடக்காது. ஆனால் இதை வைத்து வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது என்றுதான் சொல்லலாம். டைக்கோவின் ஏற்பாட்டிலும், நம் நீலகண்டரின் ஏற்பாட்டிலும் இதே காட்சி வரும். பூமி நகர்வதற்கு நேரடி ஆதாரம் முதலில் கிடைத்தது 1728-இல், இங்கிலாந்தின் பிராட்லி நட்சத்திர ஒளி பூமியின் ஓட்டத்தால் சற்றுச் சாய்ந்து வருவதைப் பிடித்தபோது. அரிஸ்டார்க்கஸ் காலத்தில் தேடிக் கிடைக்காத அந்த நட்சத்திர இடமாற்றத்தை 1838-இல் பெஸ்ஸல் அளந்தார், ஒரு பாகையில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ரோம் சபை தன் தடைப் பட்டியலில் இருந்து கோப்பர்நிக்கஸை விட்டதோ 1835-இல், பெஸ்ஸல் அளப்பதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே.